சீட் இல்லை என்று சொன்னது யார்?

பொறியியல் தரவரிசைப் பட்டியல் வெளியான அன்று மாலையே தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு தேடல் ஆரம்பமாகிவிடும். யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்? கூடப் படித்த யாரோ தலைமைச் செயலகத்தில் இருப்பது அப்பாவுக்கு நினைவு வரும். எம்.எல்.ஏ. லெட்டருக்கு ஏற்பாடு செய்வதாகத் தாய்மாமா சொல்வார். தன் மகனுக்கு ‘முடித்துக் கொடுத்த’ ஏஜென்ட்டின் நம்பரை எதிர்வீட்டுக்காரர் தருவார். ஒரு வாரம் இப்படியே ஓடும். உருப்படியாக ஏதாவது செய்திருக்கக்கூடிய கெடு ஒன்று அந்த வாரத்தில்தான் முடிந்திருக்கும்.

இடம் இல்லை என்று சொன்னது யார் என்ற கேள்வியை இந்த ஓட்டத்தில் யாரும் கேட்பதில்லை. சில சமயம் அதைச் சொல்வது மதிப்பெண் கணக்கு. சில சமயம் சான்றிதழும் தேதியும் பற்றிய ஒரு விதி. சில சமயம் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். முறையிட வேண்டிய இடமும் காட்ட வேண்டிய ஆதாரமும் இவற்றுக்குத் தகுந்தபடி மாறும். கணக்கு சொன்ன ‘இல்லை’க்கு எம்.எல்.ஏ. லெட்டர் கொண்டுபோவதும், மனிதர் சொன்ன ‘இல்லை’யைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு வீடு திரும்புவதும் ஒரே தவறுதான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே விண்ணப்பத்தோடு மாணவர் எழுதிய கட்டுரையும் போகும், பல கல்லூரிகளுக்கு ஆசிரியரின் பரிந்துரையும் போகும். ஒரு குழு உட்கார்ந்து படித்து முடிவு சொல்லும். அதனால் மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் எழுதவும் அங்கே இடம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் அப்படிப்பட்ட முறையீடுகளைப் பெற்றுக்கொள்கின்றன. விண்ணப்பத்தில் இல்லாத புதிய, வலுவான தகவல் ஒன்று இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இணையத்தில் கிடைக்கும் ‘முறையீட்டுக் கடிதம் எழுதுவது எப்படி’ வகை ஆலோசனைகள் பெரும்பாலும் அந்த ஊருக்கானவை. அவற்றைப் படித்துவிட்டு, தன் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டரில் எவ்வளவு ஆர்வம் என்று கிண்டியில் இருக்கும் கலந்தாய்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அனுப்புவதால் பயன் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கடிதம் படிக்க ஆளே இல்லை என்பது தற்செயல் அல்ல, திட்டமிட்டு வந்தது. 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. 2018-இல் கலந்தாய்வு முழுக்க ஆன்லைனுக்குப் போனது. 2019 முதல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. ஒரு சுற்றில் யாருக்கு எந்த இடம் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. சிபாரிசுக்கு இடமில்லாமல் செய்ததுதான் இந்த முறையின் பெருமை. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலர் பெரிய கல்லூரிகளுக்குள் வந்தது இதனால்தான். மனம் உருகி முறையிட்டாலும் அசையாது என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

கணக்கைத் திருத்த முடியுமா?

திருத்தலாம். கணக்குக்குள் போன எண் தவறாக இருந்தால் மட்டும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி ஐம்பது ஐம்பது. கணிதத்தில் 93, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 93, 44, 45 கூட்டினால் 182. மறுமதிப்பீட்டில் இயற்பியலில் 4 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் 184 ஆகும். அதே 4 கணிதத்தில் கூடினால் 186. தரவரிசையில் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 2 லட்சம் பேரும் அதற்கு மேலும் இருக்கிறார்கள். நடுப்பகுதியில் ஒரு மதிப்பெண் இடைவெளிக்குள்ளேயே பெருங்கூட்டம் நிற்கும். கட்-ஆஃப் சமமானால் கணித மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியலை. எல்லாவற்றிலும் சமமாக வந்தால் வயதில் மூத்தவர் முன்னால் வருவார், அதற்கும் பிறகுதான் ரேண்டம் எண். ஆகவே கையில் ஒரு பாடத்துக்கு மட்டும் கட்டப் பணம் இருக்கிறது, எல்லாத் தாளிலும் சமமாகச் சந்தேகம் இருக்கிறது என்றால், கணிதத்துக்குக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்தபின்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். நகலுக்கு 275 ரூபாயும் மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாயும் பல ஆண்டுகளாக வாங்கிவருகிறார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தவுடன் சில நாட்கள் மட்டுமே நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தரவரிசை வந்தபிறகு விழித்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

நகலை எப்படிப் படிப்பது என்பதைப் பள்ளியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அப்பாவோடு உட்கார்ந்தால் சண்டைதான் வரும். முதலில் முன்பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் எண்களையும் உள்ளே ஒவ்வொரு கேள்விக்கும் போட்டிருக்கும் எண்களையும் ஒப்பிட வேண்டும். உள்ளே 5 என்று இருப்பது முன்பக்கத்தில் 3 ஆகியிருந்தால் மறுகூட்டல் போதும். ஒரு விடைக்கு டிக் இருக்கிறது, மதிப்பெண் இல்லை. கடைசிப் பக்கத்தில் எழுதிய விடையைத் திருத்தியவர் பார்க்கவே இல்லை. கணக்கில் கடைசி வரி மட்டும் பிசகியதற்கு மொத்தமாகப் பூஜ்யம் போட்டிருக்கிறது என்பவையெல்லாம் மறுமதிப்பீட்டுக்குரியவை. இன்னொன்று, மறுமதிப்பீடு எழுத்துத் தேர்வுக்கு மட்டும்தான். இயற்பியலில் 88 என்றால், செய்முறை 20-ம் அகமதிப்பீடு 10-ம் முழுதாகக் கிடைத்திருக்கும் பட்சத்தில், எழுத்துத் தாளில் 70-க்கு 58 வந்திருக்கிறது. தொலைந்த 12 மதிப்பெண்ணும் அந்தத் தாளுக்குள்தான் எங்கோ இருக்கிறது. ‘நல்லாத்தான் எழுதினேன்’ என்ற நினைப்பை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எந்தக் கேள்வியில் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் கட்டலாம்.

நீட் தேர்வில் இந்த வாசல் இன்னும் குறுகியது. ரிசல்ட்டுக்கு முன்பே ஓ.எம்.ஆர். தாளின் படத்தையும் தற்காலிக விடைக்குறிப்பையும் வெளியிடுவார்கள். ஆட்சேபிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய். கெடு முடிந்து இறுதி விடைக்குறிப்பு வந்துவிட்டால் மறுமதிப்பீடு என்ற பேச்சே கிடையாது. ஆட்சேபணையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2024-ஐ நினைவூட்டலாம். அணுக்கள் பற்றிய ஒரு இயற்பியல் கேள்விக்குப் பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி ஒரு விடை, புதிய புத்தகப்படி இன்னொரு விடை என்று தேசியத் தேர்வு முகமை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் கேட்டது. ஒன்றுதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் 5 மதிப்பெண் போயிற்று, தரவரிசை தலைகீழானது. மறுதேர்வு கேட்ட பெரிய கோரிக்கையை அதே நீதிமன்றம் அதே வழக்கில் ஏற்கவில்லை. ‘தேர்வே சரியில்லை’ என்ற பொத்தாம்பொது வாதத்தைவிட ‘இந்த ஒரு கேள்வி தவறு’ என்ற வாதத்துக்கு எடை அதிகம் என்பது அதில் தெரிந்தது.

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். விதியில் மறுமதிப்பீடு இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால், தவறு கண்ணுக்கு நேராகத் தெரிகிற அபூர்வ நேரங்களில் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவருக்கே போகும். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. வக்கீல் பீஸ் கொடுப்பதற்கு முன்பு கேட்டுக்கொள்வது நல்லது.

‘எந்தக் காலேஜும் வரலை’ என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினரை யாருமே நிராகரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விருப்பப் பட்டியல் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம், உச்சவரம்பு கிடையாது. ஆனால் 182 கட்-ஆஃப் வைத்துக்கொண்டு கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று நாலைந்து பெயரை, அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும், போட்டுவிட்டு லாக் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றதைப் போட்டால் அதையே கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். மென்பொருள் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். கீழே ஐம்பது பெயர் இருப்பதால் மேலே இருப்பது கிடைக்காமல் போகாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தபிறகும் அதை ஏற்று வைத்துக்கொண்டே மேலே இருக்கும் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். குறித்த நேரத்துக்குள் எதையும் உறுதி செய்யாமல் விட்டால்தான் கையில் வந்ததும் போகும்.

சான்றிதழ் சொல்லும் ‘இல்லை’

என் கணிப்பில் முறையீட்டுக்கு அதிகம் பலன் கிடைக்கும் இடம் இதுதான். அதிகம் பேர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

தரவரிசை வெளியானதும் குறை தெரிவிக்கச் சில நாட்கள் கொடுப்பார்கள். மாவட்டம்தோறும் இருக்கும் சேவை மையங்களில் மனு கொடுக்கலாம். பட்டியலில் தன் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், எந்தப் பிரிவில் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று பிரிவுகள். சாதிச் சான்று சரியாகப் பதிவேற்றப்படாவிட்டால் மாணவரைப் பொதுப்பிரிவில் வைத்துவிடுவார்கள். ஸ்கேன் மங்கலாக இருக்கலாம். சான்றில் இருக்கும் பெயரின் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலின் இனிஷியலும் வேறாக இருக்கலாம். பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் அம்மாவின் சான்றை ஏற்றிவிட்டிருக்கலாம். இவையெல்லாம் அந்தச் சில நாட்களுக்குள் திருத்தக்கூடியவை. ஒதுக்கீடு தொடங்கியபின் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

பிரவுசிங் சென்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தில் சென்டர்காரரின் மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது இன்னும் நடக்கிறது. ஓ.டி.பி., கெடு பற்றிய குறுஞ்செய்தி, சான்றிதழில் குறை இருக்கிறது என்ற தகவல் எல்லாம் அவருக்குப் போகும். அவருக்கு அன்றைக்கு நூறு வாடிக்கையாளர்கள். வீட்டில் எப்போதும் கையில் இருக்கும் ஒரு எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். பெயரைப் பார்த்து அரசுப் பள்ளி என்றே ஊர் முழுக்க நினைத்திருக்கும். கணக்கில் அது அரசு உதவி பெறும் பள்ளியாக இருக்கும். அங்கே ஓராண்டு படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து அதன்பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கோ சட்டத்திலேயே இடம் உண்டு. அவர்களில் பலருக்கு அது தெரியாது. தலைமையாசிரியர் தரும் படிப்புச் சான்றில் வகுப்புவாரியாகப் பள்ளியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது என்பதால், இங்கே ஒரு எழுத்துப் பிழைக்கு நாலு வருஷக் கட்டணம் விலை.

அந்த முதல் சில நாட்கள்

இந்த வேலையெல்லாம் நடக்க வேண்டிய நாட்களில்தான் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். ‘மனசைத் தேத்திக்கோ’ என்று யார் சொன்னாலும் அன்றைக்கு ஏறாது. துக்கம் ஆறட்டும் என்று விட்டால் கெடு போகும். கெடுவுக்காக எழுப்பி பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனால் பிள்ளை உடையும். நான் பார்த்தவரை இதைச் சமாளித்த வீடுகளில் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுவது பிள்ளையின் வேலை. தேதி பார்ப்பதும் சான்றிதழ் எடுப்பதும் இணையதளத்தைக் காலையும் மாலையும் திறந்து பார்ப்பதும் வேறொருவரின் வேலை. அது அக்காவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், போன வருஷம் கலந்தாய்வுக்குப் போய்வந்த பக்கத்துத் தெரு அண்ணனாகவும் இருக்கலாம். அப்பா அம்மாவும் உடைந்துதான் இருப்பார்கள், அவர்களே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

சொந்தக்காரர்களின் போன் தனி வேதனை. ‘கட்-ஆஃப் எவ்ளோ? நம்ம சுமதி பொண்ணுக்கு 191’ என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் போன்களை ஒரு வாரத்துக்கு ஒருவர் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் வீட்டில் பாதிச் சத்தம் குறையும். ‘இன்னும் கவுன்சலிங் முடியலை’ என்ற ஒரே பதில் போதும். பொய்யும் அல்ல, துணைக் கலந்தாய்வு வரைக்கும் அதுதான் உண்மை.

தேர்வில் தோற்ற பிள்ளைகள் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு பாடத்தைக் கடினமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு பிளஸ் டூவில் தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்த வருஷம் போனது போனதுதான். ரிசல்ட்டுக்குப் பிறகு உடனே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகும் வழி 2000-களின் முதல் பாதியில் வந்தது. தேர்வுத் தோல்வியால் உயிரை மாய்த்துக்கொள்வது அதன்பின் குறைந்ததை மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நிர்வாக ஏற்பாடு, ஒரு தேதி மாற்றம், உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆறுதல் வார்த்தையைவிட ‘அடுத்த வாய்ப்பு எந்தத் தேதியில்’ என்ற தகவலுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால் அதனால்தான். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தாலோ, ‘நான் இருந்தென்ன’ என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலோ, கலந்தாய்வையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 104-க்கோ 14416-க்கோ போன் செய்ய வேண்டும். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

மனிதர் சொல்லும் ‘இல்லை’

கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஒரே இணையதளத்தில் போட்டாலும் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கிறது. அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் தாங்களே தேர்வு செய்கின்றன. இங்கே கதவுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார். அதனால் தவறும் நடக்கிறது, பாரபட்சமும் நடக்கிறது. கேள்வி கேட்கவும் முடிகிறது.

இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. இவ்வளவு பயனுள்ள ஒன்றை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு ஆச்சரியம். ‘மாணவர்’ என்பதில் சேர்க்கை கோரி விண்ணப்பித்தவரும் அடக்கம். அறிவித்த சேர்க்கை விதிக்கு மாறாக இடம் கொடுப்பது, மறுப்பது, இடஒதுக்கீட்டை மீறுவது, சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வது எல்லாம் இதன்படி குறைகள்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. குடும்பக் கஷ்டம், அப்பாவின் கனவு, பள்ளியில் வாங்கிய பேச்சுப்போட்டிப் பரிசு எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு இப்படி: ‘பி.காம். சேர்க்கைக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண் கணக்கிடப்படும் என்று தங்கள் கல்லூரியின் தகவல் கையேடு சொல்கிறது. எனது மதிப்பெண் 352. நான் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைச் சேர்ந்தவள். தாங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் அதே பிரிவில் 347 பெற்றவருக்கு இடம் தரப்பட்டுள்ளது. கையேட்டின் அந்தப் பக்கம், பட்டியலின் படம், என் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகியவற்றை இணைத்துள்ளேன். காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறும், தவறு எனில் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். இடம் கிடைக்கிறதோ இல்லையோ, பின்னால் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அந்த முத்திரையோ ரசீதோதான் பேசும். அறிவிப்புப் பலகையைப் போனில் படம் எடுத்துவைப்பதும் இதற்காகவே, மறுநாள் அந்தத் தாள் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப்போட்டு மதிப்பெண் பட்டியலையும் தேர்வான முறையையும் கேட்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். ஆதாரம் சேர்க்க உதவும், இடம் வாங்கித் தராது.

எம்.எல்.ஏ. லெட்டர் இந்த வகைக் கல்லூரிகளில் வேலை செய்வதே இல்லை என்று நான் சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். நிர்வாக ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் 65 சதவீத இடம் அரசுக்கு, மீதி நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதிக்குப் பாதி. அந்த இடங்களுக்கும் கட்டணக் குழு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குமேல் வாங்குவதும் நன்கொடை கேட்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏஜென்ட் கேட்கும் தொகைக்கு ரசீது வராது என்பதே அது என்ன பணம் என்பதைச் சொல்லிவிடும். ‘கவர்மென்ட் கோட்டாவிலேயே மாத்தித் தர்றேன்’ என்கிறவர் இன்னும் மோசம். மென்பொருள் ஒதுக்கும் இடத்தை அவரால் மாற்ற முடியாது.

நீதிமன்றம் எப்போது?

விதியை மீறி இடம் மறுத்திருக்க வேண்டும். மாணவர் பக்கம் தவறு இருக்கக் கூடாது. தாமதிக்காமல் வந்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கை பற்றி உச்ச நீதிமன்றம் 2012-இலும், பிறகு 2019 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்விலும் சொன்னதன் சாரம் இது. இந்த மூன்றும் பொருந்தினால் கெடு தேதி கடந்திருந்தாலும் அபூர்வமாக அதே ஆண்டில், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டில் இடம் தரச் சொல்லலாம் என்றது 2019 தீர்ப்பு. வெறும் இழப்பீடு போதாது என்பதையும் அது தெளிவாக்கியது.

2024-இல் நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் பக்கத்துக் கிராமத்து தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் கிடைத்தது. அப்பா தினக்கூலி. 17,500 ரூபாயை ஊரில் திரட்டிக் கட்டப் போனபோது மாலை 5 மணிக் கெடு நெருங்கிவிட்டது, பணம் போகவில்லை. அது அவருடைய இரண்டாவது, கடைசி முயற்சி. அந்த ஆண்டு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனார். செப்டம்பர் 30 அன்று, அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, வேறு யாருடைய இடத்தையும் பறிக்காமல் கூடுதலாக ஓர் இடம் உருவாக்கிச் சேர்க்கும்படி தீர்ப்பு வந்தது. செய்தி நெகிழ வைத்தது உண்மை. ஆனால் 142 என்பது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம், அதை நம்பி யாரும் கெடுவைத் தவறவிட முடியாது. அந்த மாணவர் ஜூன் மாதத்திலிருந்து ஒரு கதவுக்கு அடுத்து இன்னொரு கதவு என்று நிற்காமல் தட்டியிருந்தார், அதற்கான காகிதங்கள் அவர் கையில் இருந்தன.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், 18 வயது ஆகாதவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களில் கணிசமானோருக்கு வயது 17 தான்.

கிடைத்ததில் சேர்ந்துகொண்டு காத்திருப்பது

முறையீடு நடக்கும்போதே கையில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுவதுதான் என் கட்சி. மாறிப்போனால் கட்டிய பணம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் சேராமல் இருக்கிறார்கள். மானியக் குழு ஒவ்வோர் ஆண்டும் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கான தேதிகளை அறிவிக்கிறது. 2024-25 சேர்க்கைக்குச் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத்தொகை, அக்டோபர் 31 வரை என்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ‘நாலு வருஷம் கழிச்சு வாங்கிக்கோங்க’ என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு; மேலே சொன்ன ஒரு பக்க மனு அங்கேயும் பயன்படும்.

பொறியியலில் பொதுச் சுற்றுகள் முடிந்தபின் துணைக் கலந்தாய்வு நடக்கும். துணைத்தேர்வில் தேறியவர்களும் முன்பு இடம் கிடைக்காதவர்களும் அதில் வரலாம். அருந்ததியர் பிரிவில் நிரம்பாத இடங்கள் மற்ற பட்டியல் சாதியினருக்குப் போகும் சுற்று தனியாக வரும். எங்குமே சேராத அரசுப் பள்ளி மாணவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க, நான் முதல்வன் திட்டத்தின்கீழ் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களை மாவட்ட நிர்வாகங்கள் நடத்துகின்றன.

ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி எழுதுவது பற்றி முடிவெடுக்கும் முன் எத்தனை முறை எழுதலாம் என்று பார்க்க வேண்டும். நீட் தேர்வுக்கு வரம்பு இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறை. வரம்பில்லை என்பதாலேயே நீட்டில் மூன்றாவது, நான்காவது வருஷம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்து மூன்றாவதை முடிவு செய்வது நியாயம்.

பொறியியல்தான் வேண்டும், இந்த ஆண்டு வழியே இல்லை என்பவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்தபின் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு, அதற்கென்று தனிக் கலந்தாய்வு. கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் அந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பிளஸ் டூ கட்-ஆஃபை யாரும் கேட்பதில்லை, டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பின் மதிப்பெண்தான் கணக்கு.